வியாழக்கிழமைச் சோறு

ஏரம்பமூர்த்தி முதன்முதலாகத் தூண்டில் பிடித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். அதுவரை அவருக்கும் மீனுக்கும் இருந்த உறவு சாப்பாட்டுத் தட்டில் தொடங்கி அங்கேயே முடிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, மைத்துனர் ஒருவர் விசாவுக்குப் பொறுப்பு நிற்க, மனைவி இராசமலருடன் ஆக்லாந்து வந்து சேர்ந்தார். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை கிடைத்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்பாதி வாடகைக்குக் கிடைத்தது. கொட்டகையில் அவருடைய பெயரைச் சொல்லச் சிரமப்பட்டு 'எரிக்' என்று வைத்துவிட்டார்கள். அதை அவர் திருத்தவும் இல்லை. அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தெருமுனையில் ஒரு பூங்கா. அதற்குள் வாத்துகளும் நாணலும் ஒரு மரப்பாலமும் உள்ள சின்னக் குளம். வேலை முடிந்து வரும்போது அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் கென். இங்கிலாந்தின் வடக்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மகளுடன் இருக்க வந்தவர். ஆங்கிலம் பழகலாம் என்று ஏரம்பமூர்த்தி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கென் அதிகம் பேசவில்லை. அதுவே ஏரம்பமூர்த்திக்குப் பிடித்துப் போயிற்று.

பேசினால் கென் ஒரே ஒரு மீனைப் பற்றித்தான் பேசுவார். பைக் என்று பெயர். நீண்ட உடம்பு, முதலையைப் போன்ற வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பல். அவருடைய ஊரில் நகரத்துப் பூங்காக் குளங்களில்கூட அது இருக்குமாம். பிள்ளைகள் மேலே ரொட்டி எறிவார்கள். கீழே அது அசையாமல் கிடக்கும். "இந்த நாட்டில் பைக் இல்லை" என்று துக்கவீட்டில் சொல்வதுபோலச் சொல்வார். இந்தக் குளத்தில் இருந்தது பேர்ச் மீன். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், சிவந்த செட்டை, முதுகில் முள்வரிசை. பெரும்பாலும் உள்ளங்கை அகலம்தான் வளரும். ஆனால் ஒன்று மட்டும் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, பாலத்தின் கீழே நிழலில் நின்றது. கென் அதைக் 'கிழவன்' என்று அழைத்தார். தன்னால் முடியவில்லை, யாராலும் முடியாது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஏரம்பமூர்த்தியைப் பிடித்துக்கொண்டது.

அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். தூண்டில் வாங்கினார். முள் கட்டப் பழகினார்; தக்கைக்குக் கீழே அது எந்த ஆழத்தில் தொங்க வேண்டும் என்று பார்த்தார். கென் ஒருநாள் பைக் பிடிக்கும் வித்தையைச் சொன்னார்: "பெரியதற்குத் தீனி போடாதே. பெரியது எதைத் தின்கிறதோ அதற்குத் தீனி போடு." ஏரம்பமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டு, தவிட்டையும் பழஞ்சோற்றையும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டி, பாலத்துக்கு இடப்பக்கம், சாய்ந்த வில்லோ மரத்தின் கீழே புதன், வியாழன் மாலைகளில் போடத் தொடங்கினார். சின்ன மீன்கள் கூடின. அவற்றைத் தேடிப் பேர்ச்கள் வந்தன. வெள்ளிக்கிழமை அவர் மச்சம் தொடமாட்டார், தூண்டிலையும் தொடமாட்டார். சனிக்கிழமை விடிய, கூடிக் கிடக்கிற மீனில் தூண்டில் போடுவார்.

எங்கள் ஆட்களுக்குக் குளத்து மீன் என்றால் முகம் சுளிக்கும், மண் மணக்கும் என்று. இராசமலர் அதைப் புளித்தண்ணீரிலும் மஞ்சளிலும் ஊறவைத்து, வறுத்த மிளகாய்த்தூளில் பிரட்டிப் பொரித்தாள். மாதம் ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எல்லாரும் கூடுகிற நாளில் அந்தத் தட்டுத்தான் முதலில் காலியாகும். "ஏரம்பண்ணேன்ர மீன் வந்திட்டுதோ?" என்று வாசலிலேயே கேட்பார்கள். கொட்டகையில் 'எரிக்' ஆக இருந்தவருக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. இனிக் கிழவனையும் பிடித்துவிட்டால்? அந்தத் தட்டையும், அதைச் சுற்றி நிற்கும் முகங்களையும் அவர் பலமுறை மனதுக்குள் பார்த்துவிட்டார்.

பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த எண்பத்தேழாம் ஆண்டின் கடைசியில் தேவேந்திரா வந்தான்.

தச்சன். முப்பத்தைந்து வயது. பாட்டனார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். வீட்டில் ஹிந்தி, அங்கே தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டே மண்டபத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்தான். நாற்காலி உடைந்தால் அவன்தான் திருத்துவான். வண்டி இல்லாதவர்களை அவன்தான் வீட்டில் இறக்கிவிடுவான். இராசமலரை முதல்நாளே "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டான்.

"உந்தப் பொடியன் எவ்வளவு மரியாதை பாருங்கோ" என்றாள் இராசமலர், வீட்டுக்கு வரும் வழியில்.

"எல்லாரையும் அண்ணி எண்டு சொல்லுறவன்ர மரியாதைக்கு என்ன விலை?" என்றார் ஏரம்பமூர்த்தி.

அடுத்த கூட்டத்துக்கு தேவேந்திராவும் ஒரு தட்டு மீன் கொண்டுவந்தான். தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. ஏரம்பமூர்த்தி ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்ததுமே தெரிந்துகொண்டார்: பேர்ச்.

"எங்க பிடிச்சனீர், தம்பி?"

"உங்க குளத்துலதான் அண்ணே! கென் தாத்தா இடம் காட்டினாரு. பாலம் பக்கத்துல, மரத்துக்குக் கீழ. அப்பா, என்ன மீனு! போட்டா கடிக்குது, போட்டா கடிக்குது. யாரோ சட்டி வெச்சுச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி."

சட்டி வைத்தது யார் என்று ஏரம்பமூர்த்தி சொல்லவில்லை. அன்று அவருடைய தட்டில் இரண்டு துண்டு மிஞ்சியது. இராசமலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர் அந்த இரண்டு துண்டையும் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டோடு தின்றார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சரக்கு விமானம் வராததால் கொட்டகையில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பூங்கா வழியாக வந்தவர் பாலத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். வில்லோ மரத்தின் கீழே தேவேந்திரா. பக்கத்தில் வாளி. அவன் தக்கையைப் போட்டான். அது நேரே நிற்கும் முன்பே அமிழ்ந்தது. வீடு கட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வேலையை முடித்துவிடுவார்கள் என்பது ஏரம்பமூர்த்திக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"அண்ணே! வாங்க, வாங்க. தூண்டில் ஒண்ணு கூட இருக்கு."

"இண்டைக்கு வெள்ளி" என்றார் அவர்.

"ஆமா, நீங்க வெள்ளி சைவம்ல. எங்களுக்குச் செவ்வாய்தான். அனுமாருக்கு." தேவேந்திரா சிரித்தான். "நல்லதாப் போச்சு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துக்குச் சண்டை வந்திருக்கும்."

ஏரம்பமூர்த்தியும் சிரித்தார். தன் தவிட்டையும் சோற்றையும் தின்று கொழுத்த மீன் அவன் வாளியில் துள்ளுவதைக் கைகட்டிப் பார்த்தபடி சிரிக்க வேண்டியிருந்தது. இடம் தன்னுடையது என்று சொல்ல முடியாது, குளம் நகரசபையுடையது. தீனி தன்னுடையது என்று சொல்லலாம். சொன்னால், ரகசியத்தைச் சொன்னதாகிவிடும். வெள்ளி விரதத்தை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அந்த நினைப்பைத் தனக்கு வர வைத்தவன் மேல் கோபம் வந்தது.

வழி ஒன்று அவருக்குப் பஸ்ஸில் அகப்பட்டது. கூட்டம் கூட்டமாக மீனைச் சேர்ப்பதற்குப் பதில், மீனின் வயிற்றை நிரப்பிவிட்டால் என்ன? வியாழக்கிழமை மூக்குமுட்டத் தின்ற மீன் வெள்ளிக்கிழமை கண் திறக்குமா? கலியாணச் சாப்பாடு சாப்பிட்டவன் மாதிரிக் கிடக்கும். சனி விடியப் பசிக்கும். விடிய நான் நிற்பேன்.

கணக்கு எழுதியவரின் மனதுக்கு அது பிழையில்லாமல் கூட்டுப்பட்டது.

கொட்டகையில் கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்துகிற தானியத்தையும் தவிட்டையும் பெருக்கிக் குப்பையில் போடுவார்கள். அதை அவர் பையில் கொண்டுவரத் தொடங்கினார். வியாழன்தோறும் அந்தப் பையும், வீட்டில் மிஞ்சிய சோறும் வில்லோவின் கீழே போயின.

"உது என்ன, இவ்வளவு?" என்று கேட்டாள் இராசமலர்.

"மீனுக்குப் போடுறது புண்ணியமெல்லே. கோயில் கேணியில பொரி போடுறேல்லையோ?"

அவள் அதை நம்பினாள். கேணியில் பொரி போட்டுவிட்டுத் தூண்டிலோடு திரும்பிவருகிறவர் யார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. பானை கழுவும்போது ஒட்டிய சோற்றையும் சேர்த்துக் கொடுத்தாள்.

கென் ஒருநாள் அந்தப் பையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு வருடம் பெரும் பனிக்காலம். பூங்காக் குளம் மூடி போட்டதுபோல மேலே உறைந்து, அதன்மேல் பனி கொட்டிக் கிடந்தது. வசந்தத்தில் பனி உருகியபோது, பைக் மீன்கள் எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. அவர் வருடக்கணக்காகத் துரத்திய பெரிய பைக் முதலில் கரைக்கு வந்ததாம். "அடியில் இலையும் ரொட்டியும் அழுகிக் கிடந்தது. அழுகுகிறதும் மூச்சு விடும், எரிக். இருக்கிற காற்றையெல்லாம் அது எடுத்துக்கொண்டது. பனி வெறும் மூடிதான்."

"பாவம்" என்றார் ஏரம்பமூர்த்தி. "நல்லகாலம், இங்கே குளம் உறையாது."

கென் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் தக்கைக்குத் திரும்பினார்.

பெப்ரவரியில் தேவேந்திரா வீடு வாங்கினான். வந்து சில மாதம்தான். கிளென் ஈடனில், கூரை ஒழுகுகிற வீடு. தானே திருத்திக்கொள்வதாகச் சொல்லி மலிவாக வாங்கி மோர்ட்கேஜும் எடுத்துவிட்டான். குடிபுகுதலுக்கு வியாழக்கிழமை நல்ல நாள் என்று பார்த்து, இராசமலரிடம் வந்து நின்றான்.

"அண்ணி, எங்க வீட்டுல யாருக்கும் பொங்கல் வெக்கத் தெரியாது. என் சம்சாரம் பிரேம்வதி அல்வாதான் கிண்டுவா. நம்ம ஆளுங்க மாதிரிப் பால் காய்ச்சிப் பொங்கல் வெக்கணும். நீங்கதான் வரணும்."

இராசமலர் முகம் மலர்ந்தாள். ஏரம்பமூர்த்தி லீவு போட வேண்டியதாயிற்று. தன் மனைவி இன்னொருவன் வாங்கிய வீட்டின் அடுப்பில், அகப்பை நிறைய நெய்யும் கஜு என்கிற முந்திரிப் பருப்பும் திராட்சை வற்றலும் போட்டுக் கிண்டுவதை அவர் வாசலில் நின்று பார்த்தார். எங்கள் வாடகை வீட்டில் ஒருநாளும் இவ்வளவு கஜு போட்டதில்லையே என்று நினைத்தார். வேலைநாள் என்பதால் வந்தவர்கள் குறைவு. ஒரு பெரிய கிடாரம் பொங்கலில் பாதிக்கு மேல் மிஞ்சிப் போயிற்று.

"இவ்வளவையும் என்ன செய்யுறது?" என்று பிரேம்வதி கையைப் பிசைந்தாள்.

"நான் கொண்டுபோறன்" என்றார் ஏரம்பமூர்த்தி. "வீணாக்கக் கூடாது."

"அண்ணனுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க" என்றான் தேவேந்திரா. கிடாரத்தைத் தன் கையாலேயே தூக்கித் தன் வேனில் வைத்து, அவர்களை வீட்டில் இறக்கிவிட்டான்.

அன்று மாலை காற்றே இல்லை. ஒரு வாரமாக வெயிலும் புழுக்கமுமாக இருந்து, குளத்துத் தண்ணீர் பச்சைப் பாசிநிறத்தில் தடித்துக் கிடந்தது. ஏரம்பமூர்த்தி கிடாரத்தைச் சரித்தார். பொங்கல் கட்டிகட்டியாக விழுந்து, மெதுவாக அமிழ்ந்தது. 'தின்னுங்கோ' என்று மனதுக்குள் சொன்னார். 'அவன்ர வீட்டுச் சோறு. தின்னுட்டு அவனுக்கு முதுகு காட்டுங்கோ.'

வெள்ளிக்கிழமை பின்னேரம் டெலிபோன் அடித்தது.

"அண்ணே, இன்னிக்கு ஒரு கடி இல்ல. ஒண்ணுமே இல்ல. தண்ணி ஒரு மாதிரி நாறுது. நாளைக்கு நீங்க போவீங்கல்ல? பார்த்துச் சொல்லுங்க."

"ஓம், ஓம், பாப்பம்" என்றார் ஏரம்பமூர்த்தி. டெலிபோனை வைத்துவிட்டு, இராசமலர் கேட்காமலே அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அன்று அவர் பாடிக்கொண்டு திரிந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

சனி விடிய அவர் குளத்துக்குப் போனபோது, தூரத்திலிருந்தே தண்ணீரின் மேல் மழைத்துளி விழுவதுபோலத் தெரிந்தது. மழை இல்லை. கிட்டப் போனார். குளம் முழுவதும் மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையோரம் வெள்ளையாக ஒரு வரி. செத்தவை.

நடுவில் இடுப்பளவு தண்ணீரில் தேவேந்திரா நின்றான். அவர் சொல்லும்வரை காத்திருக்காமல், தண்ணீர் நாறியது மனதில் உறுத்த விடியவே பார்க்க வந்திருக்கிறான். வாளியில் தண்ணீரை அள்ளித் தலைக்குமேல் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். மறுகரையில் கென் பூங்காக் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டிக் குளத்துக்குள் பீச்சிக்கொண்டிருந்தார்.

"காற்று!" என்று கத்தினார் கென். "தண்ணீரைக் கலக்கு, எரிக்! அதற்குக் காற்று வேண்டும்!"

ஏரம்பமூர்த்தி தூண்டிலோடு நின்றார்.

"அண்ணே!" தேவேந்திராவின் குரல். "உங்க காலடியில! கிழவன்! அள்ளுங்க அவன! வேன்ல டிரம் இருக்கு, நல்ல தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன். ஓடுங்க!"

குனிந்து பார்த்தார். அவர் இரண்டு வருடம் எண்ணத்தில் பிடித்த மீன், நாணலில் சாய்ந்து கிடந்தது. அவர் கை வைத்தபோது அது விலகக்கூட இல்லை. இரண்டு கையாலும் தூக்கினார். என்ன கனம்! பட்டைகள் மங்கிப் போயிருந்தன. செவுள்கள் மெல்லத் திறந்து மூடின.

வேன் பாலத்துக்கு அப்பால் நின்றது. அவருடைய பை காலடியில் கிடந்தது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால், எப்படிப் பிடித்தார் என்று யாருக்குத் தெரியும்? மண்டபத்தில் அந்தத் தட்டு. அந்த முகங்கள். 'கிழவனையே பிடிச்சிட்டாராம் ஏரம்பண்ணை.' தேவேந்திராவும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்ப்பான். அவன் பார்க்கிற அந்தப் பார்வையை நினைத்தபடி அவர் நின்றார். நெடுநேரம் இல்லை; ஆனால் நின்றார்.

பிறகு ஓடினார். டிரம்முக்குள் விட்டபோது மீன் ஒருமுறை வாலை அசைத்தது. பிறகு மெல்லப் புரண்டு, வயிறு மேலே வந்தது.

தேவேந்திரா ஈரம் சொட்டச் சொட்ட வந்து எட்டிப் பார்த்தான். கையை உள்ளே விட்டு மீனை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினான். பயனில்லை. அப்போதுதான் அதன் மேலுதட்டில் ஆறிப்போன ஒரு துளையை ஏரம்பமூர்த்தி கண்டார்.

"உது என்ன காயம்?"

தேவேந்திரா தயங்கினான். "நான்தான் அண்ணே. கிறிஸ்மஸுக்கு முந்தி ஒருக்காக் கடிச்சுட்டான். விட்டுட்டேன்."

"விட்டனீரோ? ஏன்?"

"நீங்க ரெண்டு வருசமா அவனுக்காக உக்காந்திருக்கீங்கன்னு கென் தாத்தா சொன்னாரு. அப்ப அது உங்க மீனுதானே."

ஏரம்பமூர்த்தி அந்தத் துளையையே பார்த்தார். அவன் தன் மீனைப் பிடித்திருந்தால் தாங்கியிருப்பார். பிடித்து, கையில் வைத்துப் பார்த்து, தனக்காக விட்டிருக்கிறான். இதில்கூட அவன் முந்திக்கொண்டான். இனி அவனை வெறுக்கவும் ஒழுங்கான காரணம் இல்லை.

எட்டு மணியளவில் நகரசபை ஆள் ஒருவர் வந்தார். நீளக் கம்பு வலையால் அடியைக் கிளறினார். வெள்ளையாகச் சோறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவர் முதலில் வலையைப் பார்த்தார். பிறகு இவர்கள் இருவரையும் பார்த்தார்.

"யார் இதைப் போட்டது என்று தெரியுமா?"

ஏரம்பமூர்த்தி தூண்டிலை எடுத்து நூலைச் சுற்றத் தொடங்கினார். கென் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வாத்துக்கு எல்லாரும்தான் போடுறாங்க, மேட்" என்றான் தேவேந்திரா ஆங்கிலத்தில். "ரொட்டி, சோறு, எல்லாம். ஒரு போர்டு வையுங்க."

அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். கென் தன் நாற்காலியை மடக்கினார். "எங்கள் ஊரில் பனி தேவைப்பட்டது" என்று மட்டும் சொன்னார். ஏரம்பமூர்த்தியின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

வேனில் வீட்டுக்கு வரும் வழியில் தேவேந்திரா தெருத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தான். பிறகு ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து, முன்பலகையில் வைத்தான். ஊறிப் பருத்த ஒரு முந்திரிப் பருப்பு.

"அண்ணே, வாத்துக்குப் பொங்கல் போட்டா முந்திரியப் பொறுக்கிட்டுப் போடுங்க. அது என்ன விலை விக்குது!"

ஏரம்பமூர்த்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி..." என்றார்.

"விடுங்க அண்ணே. அண்ணிகிட்ட நான் சொல்லமாட்டேன்."

அவர் கேட்க நினைத்த அதையும் அவனே முந்திச் சொல்லிவிட்டான்.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தீனி போடவும் மீன் பிடிக்கவும் கூடாது என்று பலகை வைத்தார்கள். மண்டபத்தில் அந்த மாதம் மீன் இல்லை. இராசமலர் கத்தரிக்காய் பொரித்தாள். "வியாழக்கிழமைச் சோத்தை இனி என்ன செய்யுறது?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது, "அளவா வையும்" என்றார்.

இலை உதிரத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை வாசலில் வேன் வந்து நின்றது. துறைமுகப் பாலம் கடந்து வடக்கே புப்புக்கே ஏரியில் நல்ல பேர்ச் இருக்கிறதாம், கென்னையும் ஏற்றியாயிற்றாம். ஏரம்பமூர்த்தி முழங்கால் நோவு என்றார். இராசமலர் தூண்டிலையும் தொப்பியையும் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

"போயிட்டு வாங்கோ. அந்தப் பிள்ளை வந்து கூப்பிடுது. என்ன மூஞ்சை உது?"

ஏரி பெரியது. கரையில் மூவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஏரம்பமூர்த்தி மண்புழு மட்டும்தான் கொண்டுவந்திருந்தார். முள்ளில் ஒழுங்காகக் கோத்து, ஆழம் பார்த்து, தக்கையை நாணலுக்கு அருகே அழகாக விழுத்தினார். பிறகு தலையைத் திருப்பி, தேவேந்திராவின் தக்கையைப் பார்க்கத் தொடங்கினார். சிவப்புத் தலையுள்ள தக்கை. அது அசைகிறதா? அலைதானா? அவன் என்ன ஆழத்தில் விட்டிருக்கிறான்? முள் சின்னதோ?

"அண்ணே!" தேவேந்திரா எழுந்து நின்று கத்தினான். "அண்ணே, உங்கது! உங்கது போகுது! இழுங்க!"

ஏரம்பமூர்த்தி திடுக்கிட்டுத் திரும்பினார். தண்ணீரில் தன் தக்கையைத் தேடினார். அது நின்ற இடத்தில் வட்டங்கள் மட்டும் விரிந்துகொண்டிருந்தன. இழுத்தார். நூல் இலேசாக வந்தது. முள்ளில் புழு இல்லை.

"போயிட்டுது" என்றார்.

"பெருசு அண்ணே" என்றான் தேவேந்திரா வருத்தத்தோடு. "நான் பார்த்தேன். நல்ல பெருசு."

அதை அவன் பார்த்தான் என்பதுதான் ஏரம்பமூர்த்திக்குத் தாங்கவில்லை. இன்னொரு புழுவை எடுத்துக் கோக்கத் தொடங்கினார்.